அணுவுலைக்கு ஒரு காவலர்

ஆண்டுவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, சோழரைப் பற்றியோ பல்லவரைப் பற்றியோ யான் எழுதுவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். அவற்றை எழுதத் தக்க புலவர் பெருமக்கள் நம்மிடையே பலர் உளர். யானோ பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிப்பவன். ஆதலின் கோப்பு ஒன்றின் வரலாற்றையே எழுதத் துணிந்தேன். அது அணுசக்தியைப் பற்றியது. ஆயினும் அன்பர்கள் அஞ்ச வேண்டா. கடினமான கணக்கு எதுவும் இதில் இல்லை. ஒருவர் ஒரு நாற்காலியில் மூன்றாண்டுகள் அமர்ந்து செய்த வேலையே இக்கட்டுரையின் பொருள்.

எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். நம் பெங்களூரில் இரயில்வே பாதுகாப்பு ஆணையர், தெற்கு வட்டம் என்றோர் அலுவலகம் உண்டு. புதிதாக ஒரு பாதை போடப்பட்டால், அதன்மேல் பயணியர் வண்டி ஓடலாமா என்று பார்த்துச் சொல்பவர் அந்த ஆணையர். பெரும் விபத்து நேர்ந்தால் விசாரணை நடத்துபவரும் அவரே. இத்துணை அதிகாரம் உடைய அவர் இரயில்வே அமைச்சகத்திற்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தைச் சார்ந்தவர்! இரயிலுக்கும் விமானத்திற்கும் என்ன உறவு என்று புதிதாக வேலையில் சேரும் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. ஒரு காலத்தில் யானும் சிரித்தவனே.

அந்தச் சிரிப்பிற்குப் பின்னால் ஒரு துயரம் கிடக்கிறது. 1937 ஜூலையில் பீகாரில் பிஹ்டா என்னுமிடத்தில் விரைவு வண்டி ஒன்று தடம்புரண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பசிபிக் வகை எஞ்சின்கள் நம் பாதைக்கு ஏற்றவையா என்ற ஐயம் எழுந்தது. இங்கிலாந்தின் இரயில்வே ஆய்வாளர் கர்னல் மவுண்ட் என்பார் தலைமையில் ஒரு குழு வந்து ஆராய்ந்தது. எஞ்சினைப் பற்றி மட்டும் கருத்துரைத்து அக்குழு நிற்கவில்லை. வண்டியை ஓட்டும் வாரியத்தின் கீழேயே சோதனை அதிகாரியும் இருத்தல் தகாது என்றும் சொல்லிற்று. அதன்படி 1941 மே மாதத்தில் இரயில்வே ஆய்வாளர்கள் வாரியத்தினின்றும் பிரிக்கப்பட்டு, அஞ்சல் மற்றும் விமானத் துறையின் கீழ் வைக்கப்பட்டனர். 1961இல் அவ்வமைப்பு பாதுகாப்பு ஆணையம் என்று பெயர் பெற்றது. ஆணையரிடம் சம்பள உயர்வையும் இடமாற்றத்தையும் காட்டி இரயில்வே அதிகாரி எவரும் பேச இயலாது. இதுவே அம்முறையின் பொருள்.

இனி அணுசக்திக்கு வருவோம். அதன் இந்திய வரலாறு நம் ஊரிலேயே தொடங்குகிறது. 1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்த ஹோமி பாபா, உலகப் போர் மூண்டமையால் கேம்பிரிட்ஜுக்குத் திரும்ப இயலாமல், பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் சர் சி. வி. இராமனுக்குக் கீழ்ப் பணியேற்றார். மும்பையில் இன்று புகழோடு விளங்கும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் 1945இல் முதலில் இயங்கியது அறிவியற் கழகத்தின் வளாகத்திலேதான். மல்லேசுவரம் பக்கம் செல்லும் அன்பர்கள் அந்த மரநிழற் சாலையைக் கடக்கையில் இதனை நினைவிற் கொள்ளலாம்.

1948இல் அணுசக்திச் சட்டம் அரசியல் நிர்ணய சபையின் முன் வந்தது. அப்போது மைசூரைச் சேர்ந்த உறுப்பினர் எஸ். வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். பிரிட்டனில் படைத்துறை தொடர்பானவற்றுக்கு மட்டுமே மறைபொருட் காப்பு உண்டு. இங்கு ஆக்கப் பணிக்கும் ஏன் அதே பூட்டு என்பது அவர் கேள்வி. ஆக்கத்தையும் அழிவையும் பிரித்தறியும் வழி தமக்குத் தெரியவில்லை என்ற பொருள்பட நேரு விடையிறுத்தார். அவ்விடையில் பொய்யில்லை. ஆயினும் அந்தப் பூட்டு அவ்வாறே நின்றது. 1962இல் வந்த புதிய சட்டத்தின் 18ஆம் பிரிவாகவும் அது தொடர்ந்தது. அப்பிரிவை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டும். பின்னர் அதனைச் சந்திக்கப் போகிறோம்.

1969இல் தாராப்பூரில் அணுமின்சாரம் பிறந்தது. அடுத்து இராஜஸ்தானத்தில் நிலையங்கள் எழுந்தன. 1984 ஜனவரியில் நம் கல்பாக்கம் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கியது. அதற்குச் சில திங்கள் முன்பு, 1983 நவம்பர் 15ஆம் நாள், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பெற்றது. அணுவுலைகளும் எக்ஸ்ரே கருவிகளும் கதிரியக்கப் பொருள்களும் பாதுகாப்பாகக் கையாளப்படுகின்றனவா என்று பார்ப்பது அதன் கடமை. நோக்கம் நன்று, அமைப்பில்தான் ஒரு முடிச்சு விழுந்தது. வாரியம் அணுசக்தி ஆணையத்திற்கு விடைசொல்ல வேண்டும். அந்த ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலாளர். உலைகளைக் கட்டி ஓட்டுவதும் அதே துறை. இரயில்வேயில் 1941இல் அவிழ்த்த முடிச்சு இங்கே 1983இல் புதிதாகப் போடப்பட்டது. அமெரிக்க நாடு இதே முடிச்சை 1974இல் சட்டம் இயற்றி அவிழ்த்துவிட்டிருந்தது என்பதும் கருதத் தக்கது.

இந்த வாரியத்தின் தலைவராக 1993 ஜூன் மாதத்தில் அமர்ந்தவர் டாக்டர் ஏ. கோபாலகிருஷ்ணன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியலில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். அமெரிக்க அணுமின் துறையில் பணிபுரிந்தவர். தாயகம் திரும்பித் துர்க்காப்பூரில் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். அணுசக்தியை எதிர்த்தவர் அல்லர். இதனை வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குறை சொன்னவரையெல்லாம் பகைவர் என்று எழுதிவிடும் வழக்கம் நம் நாட்டில் மிகுதி.

அவர் வருவதற்கு மூன்று திங்களுக்கு முன்பு, உத்தரப் பிரதேசத்து நரோராவில் பேரிடர் ஒன்று மயிரிழையில் தப்பியிருந்தது. 1993 மார்ச் 31, விடியற்காலை மூன்றரை மணி. முதல் உலையின் டர்பைன் சுழலியில் இரண்டு இதழ்கள் முறிந்தன. சுழலி நிலைதடுமாறி அதிர்ந்தது. மின்னாக்கியைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வாயு கசிந்து தீப்பற்றியது. தீ கேபிள்களின் வழியே ஓடிற்று. ஒரு கேபிள் கெட்டால் மற்றொன்று உதவ வேண்டும் என்பதற்காகவே மாற்று இணைப்புகள் வைப்பர். அங்கோ மூலமும் மாற்றும் அருகருகே ஒரே வழியில் கிடந்தமையால் இரண்டும் சேர்ந்து எரிந்தன. நிலையம் முழுவதும் மின்சாரம் இழந்து இருண்டது. பதினேழு மணி நேரம் அவ்வாறே கிடந்தது. உலை நின்றுவிட்டாலும் அதன் உள்ளிருக்கும் எரிபொருள் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும் என்பதை நினைவிற் கொள்க. அடுப்பை அணைத்த பின்னும் கொதிக்கும் உலைநீர் போன்றது அது; ஆனால் அந்தக் கொதிப்பு நாட்கணக்கில் நீடிக்கும். குளிர்விக்க நீர் இல்லையெனில் எரிபொருள் உருகும்.

அன்றிரவு பணியில் இருந்த ஊழியர் சிலர் கைவிளக்கோடு இருளில் மேலேறி, தம் கைகளாலேயே வால்வைத் திறந்து, போரான் கலந்த நீரை உலைக்குள் இறக்கினர். டீசலால் ஓடும் தீயணைப்புப் பம்பைக் கொண்டு நீராவிக் கலன்களுக்கு நீர் பாய்ச்சினர். உலை தப்பியது. பன்னாட்டு அளவையில் இவ்விபத்து மூன்றாம் படியில் வைக்கப்பட்டது. அந்த ஊழியர்களின் பெயர்களை யான் எந்தச் செய்தித்தாளின் தலைப்பிலும் கண்டதில்லை.

கோபாலகிருஷ்ணன் பதவியேற்றதும் இவ்விபத்தின் காரணங்கள் அவர் மேசைக்கு வந்தன. சுழலி இதழின் வடிவமைப்பில் குறையுண்டு என்று 1989இலேயே அயல்நாட்டு நிறுவனத்தினின்றும் எச்சரிக்கை வந்திருந்தது, திருத்திய வரைபடமும் அணியமாயிற்று, ஆனால் இதழ்கள் மாற்றப்படவில்லை என்று அவர் பின்னாளில் எழுதினார். அவ்வகைச் சுழலிகளையெல்லாம் நிறுத்திச் சோதிக்குமாறு வாரியம் ஆணையிட்டது. மின்சாரம் குறையும் என்ற முணுமுணுப்பு எழுந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லும் ஆய்வாளரை எந்த ஓட்டுநர்தான் விரும்புவார்?

அந்த ஆணையின் பயன் அடுத்த ஆண்டே தெரிந்தது. 1994 ஜூன் நடுவில் குஜராத்தின் காக்ராப்பாரில் பெருமழை. அருகிலிருந்த ஏரியின் மதகுகள் திறக்கவில்லை. வெள்ளம் நிலையத்தின் சுழலிக் கட்டடத்துள் புகுந்தது. ஊர்மக்கள் ஏரிக்கரையை வெட்டிவிட்ட பின்னரே நீர் வடிந்தது என்பர். நல்வினையாக முதல் உலை அப்போது ஓடவில்லை. வாரியத்தின் ஆணைப்படி சுழலிச் சோதனைக்காக நிறுத்தப்பட்டிருந்ததே அதற்குக் காரணம் என்று கோபாலகிருஷ்ணன் குறித்துள்ளார்.

அதற்கு ஒரு திங்கள் முன்னதாக, கருநாடகத்தவராகிய நமக்கு அணுக்கமான நிகழ்ச்சி ஒன்று நடந்தது. வட கன்னட மாவட்டத்தில், காளி நதிக்கரையில், காட்டுக்கு நடுவே கைகா அணுமின் நிலையம் எழுந்துகொண்டிருந்தது. 1994 மே 13ஆம் நாள், கட்டிமுடிக்கும் தறுவாயிலிருந்த முதல் உலையின் உட்புறக் குவிமாடத்தினின்றும் காங்கிரீட் அடுக்குப் பிரிந்து விழுந்தது. ஏறக்குறைய 130 டன் எடை. விழுந்ததோ மிகுந்த உயரத்திலிருந்து. கீழே வேலையாட்கள் இருந்தனர். பதினால்வர் காயமுற்றனர், உயிரிழப்பு நேராதது பெருவியப்பு. அந்தக் குவிமாடம் எதற்காக? உலையில் விபத்து நேர்ந்தால் கதிரியக்கம் வெளியேறாமல் தடுக்கும் இறுதிச் சுவர் அது. உலை ஓடத் தொடங்கிய பிறகு அது விழுந்திருந்தால் என்னாகும் என்பதைப் படிப்பவரே எண்ணிப் பார்க்கட்டும்.

கட்டிய கழகம் தன் குழுவை அமைத்தது. வாரியமும் தனியே ஆராய்ந்தது. வடிவமைப்பைத் தனித்து நின்று சரிபார்ப்பார் எவரும் இலர் என்பதே கோபாலகிருஷ்ணன் கண்ட குறை. பின்னர்க் குவிமாடத்தின் வடிவமைப்பு மாற்றப்பட்டது. நுண்சிலிக்கா கலந்த உயர்வலிமைக் காங்கிரீட்டால் அது மீண்டும் கட்டப்பட்டது. கைகாவின் இரு உலைகளும் 2000ஆம் ஆண்டில் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கின. ஆண்டுகள் பல வீணாயின என்று அந்நாளில் குறைப்பட்டுக்கொண்டோர் உண்டு. அவ்வாண்டுகள் வீணாகவில்லை என்பது என் கருத்து.

இனி அந்தக் கோப்புக்கு வருகிறேன். எழுத்தராய்ப் பணிபுரிந்தோர் யாவரும் அறிவர்: சோதனைக் குறிப்பு ஒன்று வந்தால் அதற்கு விடை எழுத வேண்டும். வேலை முடிந்திருந்தால் ‘நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதலாம். முடியாதிருந்தால் ‘கவனிக்கப்படுகிறது’ என்று எழுதலாம். இரண்டாவது சொல்லுக்கு ஆயுள் மிகுதி. அதிகாரி மாறினாலும் மேசை மாறினாலும் அது மட்டும் ஆண்டுக்காண்டு படியெடுக்கப்பட்டு வாழும்.

1979இல் அமெரிக்காவின் மூன்று மைல் தீவிலும், 1986இல் சோவியத் நாட்டின் செர்னோபிலிலும் விபத்துகள் நேர்ந்தபோது, நம் அணுசக்தித் துறை தன் நிலையங்களைத் தானே சோதித்துக் குறைகளையும் பரிந்துரைகளையும் எழுதி வைத்திருந்தது. நல்ல வேலை, நாணயமாகவே செய்யப்பட்ட வேலை. ஆனால் அவற்றுட் பல ‘கவனிக்கப்படுகிறது’ என்ற நிலையிலேயே கிடந்தன. கோபாலகிருஷ்ணன் செய்தது இதுதான்: பழைய அறிக்கைகளையெல்லாம் எடுக்கச் செய்து, இன்றும் தீராதவை எவை என்று நிலையம் நிலையமாகத் தொகுப்பித்தார். 1995இல் அப்பட்டியல் முடிந்தது. ஏறக்குறைய 130 குறைகள். அவற்றுள் பெரும்பாலானவை உடனே கவனிக்கத் தக்கவை. புதிதாகக் கண்டுபிடித்தவை என்று சொல்வதினும், துறையின் அறிஞர்களே எழுதி மறந்தவற்றை நினைவூட்டியவை என்று சொல்வதே பொருந்தும். கல்பாக்கம் முதலிய பழைய உலைகளில் உயர்அழுத்த அவசரக் குளிர்விப்பு ஏற்பாடு இல்லாமை அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று.

பட்டியல் அணுசக்தி ஆணையத்திற்குச் சென்றது. அந்நாளில் ஆணையத்தின் தலைவராக வீற்றிருந்தவர் டாக்டர் இரா. சிதம்பரம். சென்னையிற் பிறந்து, பெங்களூர் அறிவியற் கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்று, 1974, 1998 ஆகிய இரு பொக்ரான் சோதனைகளிலும் பெரும்பங்காற்றிய தமிழர். 2025 ஜனவரியில் மறைந்தார். அவருடைய பெருமையை யாரும் மறுக்க இயலாது. நம் உலைகள் பாதுகாப்பானவையே, குறைகள் படிப்படியாகத் தீர்க்கப்படுகின்றன என்பது துறையின் நிலைப்பாடு. அதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஒரு நாளில் எல்லாவற்றையும் மாற்ற முடியாது. ஆனால் படிப்படியாகத் தீர்கிறதா என்பதைப் பார்க்க வேண்டியவர் யார்? தீர்க்க வேண்டியவரே பார்ப்பவராகவும் இருந்தால் அந்தப் படிகளை எண்ணுவது யார்? பெரியவரின் நேர்மையை ஐயுற்று இதனைக் கேட்கவில்லை. பிஹ்டா விபத்தின்போது இருந்த ஆய்வாளர்களும் நேர்மையாளர்களே. எனினும் அவர்களை வாரியத்தினின்றும் பிரித்தனர்.

வாரியத்தின் மதிப்பீட்டுக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அணுசக்தித் துறையின் சம்பளப் பட்டியலில் உள்ளவர்களே என்று கோபாலகிருஷ்ணன் எழுதியிருக்கிறார். இரயில்வே ஊழியனாகிய எனக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மாலையில் எந்தக் குடியிருப்புக்குத் திரும்புகிறோமோ அந்தக் குடியிருப்பின் மேலதிகாரியைப் பற்றிக் காலையில் குறிப்பெழுதுவது எளிதன்று.

1996 ஜூனில் அவருடைய மூன்றாண்டுக் காலம் முடிந்தது. நீட்டிப்பு இல்லை. அவர் தம் கருத்துகளைச் செய்தித்தாள்களில் வெளிப்படச் சொல்லலானார். அந்தப் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்க வேண்டும் என்று மக்கள் குடியுரிமைக் கழகமும் சர்வோதய மண்டலும் மும்பை உயர்நீதிமன்றம் சென்றன. முன்னர் நினைவிற் கொள்ளச் சொன்ன 18ஆம் பிரிவு அப்போது வெளிவந்தது. ஆவணம் மறைபொருள் என்றது அரசு. 1997இல் உயர்நீதிமன்றமும், 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றன. மைசூர் உறுப்பினர் 1948இல் கேட்ட கேள்விக்கு ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை அது.

பட்டியல் பூட்டப்பட்டது. ஆனால் அதில் கண்ட வேலைகள் அனைத்தும் பூட்டப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2002க்கும் 2006க்கும் இடையே கல்பாக்கத்து உலைகள் இரண்டும் முறையே நிறுத்தப்பட்டுக் குளிர்விப்புக் குழாய்கள் மாற்றப்பட்டபோது, உயர்அழுத்த அவசரக் குளிர்விப்பு ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் கடல்நீர் பம்பு நிலையத்துள் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த உலை முறையாக நிறுத்தப்பட்டது, கேடு விளையவில்லை.

எதிர்த்திசையில் சென்ற நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 2000ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் இருந்த நிலையங்கள் வாரியத்தின் பார்வையினின்றும் விலக்கப்பட்டன. அம்மையமே தன்னைத் தான் சோதித்துக்கொள்ளும் என்று ஏற்பாடாயிற்று. 2003 ஜனவரியில் கல்பாக்கத்தில் அம்மையம் நடத்திய எரிபொருள் மறுபயன்பாட்டு ஆலையில் ஆறு ஊழியர் வரம்பு மீறிய கதிரியக்கத்திற்கு ஆளாயினர். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று யான் எழுதவில்லை. இரண்டும் இந்த வரிசையில் நிகழ்ந்தன என்று மட்டும் எழுதுகிறேன்.

2011இல் ஜப்பான் நாட்டு புகுஷிமாவில் உலைகள் உருகின. அங்கும் சோதனை செய்யும் அமைப்பு, அணுமின்சாரத்தை வளர்க்கும் அமைச்சகத்தின் கீழேயே இருந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானியர் அதனைப் பிரித்துப் புதிய ஆணையம் அமைத்தனர். நம் நாட்டிலும் தனி ஆணையத்திற்கான மசோதா 2011இல் வந்தது. 2014இல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று. இடையே 2012இல் தலைமைக் கணக்காயர் ஓர் அறிக்கை தந்தார். நாட்டிலுள்ள 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களுள் 5,270 மட்டுமே வாரியத்தில் பதிவு பெற்றவை. விதியை மீறினால் விதிக்கத்தக்க உயர்ந்தபட்ச அபராதம் 500 ரூபாய்! பயணச்சீட்டின்றி வண்டியேறுபவனிடம் நாங்கள் வாங்குவதே 250 ரூபாயும் கட்டணமும்.

கூடங்குளம் எழுந்த நாட்களில், அங்கு வந்திறங்கிய கருவிகளின் தரம் குறித்துக் கோபாலகிருஷ்ணன் மீண்டும் எழுதினார். உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் பதினைந்து கட்டளைகளோடு நிலையத்திற்கு இசைவளித்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம், 1962ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, ஒழுங்குமுறை வாரியத்திற்குச் சட்டத்தின் வழி வந்த தகுதியை அளித்திருக்கிறது. தனியார் நிறுவனங்களும் உலை நடத்த அதே சட்டம் வழி திறக்கிறது. இனி வாரியம் சோதிக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை கூடும்.

சென்ற ஆண்டு என் தாயார் வழுக்கி விழுந்ததால், அல்சூர்ப் பக்கம் ஒரு சிறு எக்ஸ்ரே நிலையத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். அம்மா உள்ளே படுத்திருக்க, வெளியே சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், மும்பை என்று மேலே அச்சிட்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு, செல்லுபடியாகும் நாளைப் படித்துப் பார்த்தேன். இன்னும் இரண்டாண்டுக் காலம் இருந்தது.